பின்னேரம் செவிடாகும் தொலைபேசி

அத்தியாயம் 5

"ரொபி எடுங்கோ தங்கச்சி. கனடாவில எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான்" என்று தட்டை நீட்டினார் குலசிங்கம்.

மனோகரி எடுக்கவில்லை. அவர்கள் நின்றது நெடுந்தீவு ஆஸ்பத்திரியின் விறாந்தையில். நாலு எட்டுத் தள்ளிக் கிடந்த வாங்கில் ஜசிந்தா உட்கார்ந்திருந்தாள். போன வெள்ளிக்கிழமை இதே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, பொழுது சாய்வதற்குள் அதைப் பறிகொடுத்தவள். அவளுடைய கண்ணெதிரில் பிள்ளை பிறந்த இனிப்பை நீட்டுகிற மனிதரை என்ன செய்யலாம் என்று மனோகரி யோசித்துப் பார்த்தாள். சட்டம் இடம் கொடுக்கிற எதுவும் அவளுக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

அவளுடைய உதவியாளன் சசிகரன் மட்டும் இரண்டு ரொபியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தடயமக்கா" என்று மெல்லச் சொன்னான்.

மனோகரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி சுத்தமாக இருக்கும்போதும் அவள் துடைத்தால், யாருக்கோ கெட்ட காலம்.

விஷயம் இதுதான். நெடுந்தீவில் அவசர நோயாளி என்றால், ஆஸ்பத்திரியில் இருக்கிற, செயற்கைக்கோள் வழியே பேசுகிற செய்மதித் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். எதிர்க்கரைக் குறிகட்டுவானிலிருந்து அம்புலன்ஸ் படகு வரும். தீவில் வேறு தொலைபேசி கிடையாது, கைத்தொலைபேசிக்கும் அலை எட்டாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜசிந்தாவின் பிரசவம் சிக்கலானபோது, மருத்துவிச்சி யூலியானா தொலைபேசியை எடுத்தாள். அது இணைப்பைப் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் பிடிக்காமல், கடைசியில் கடற்படை முகாம் வரைக்கும் ஓடிப்போய் அவர்களுடைய வானொலியில் சொல்ல வைத்தாள். படகு வந்தது. பிள்ளை காத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் வாய்க்கு யூலியானாதான் அவல். நித்திரை கொண்டாள் என்றார்கள், தொலைபேசியை உடைத்துவிட்டு மறைக்கிறாள் என்றார்கள். நாளைக்கு வேலணையில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போகும், பொலிஸ் வரும். விசாரணைக்குத் தலைவர், தீவு அபிவிருத்தித் திட்ட அதிகாரியான இந்தக் குலசிங்கமேதான். மனோகரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டது ஜசிந்தா.

"விசயம் சின்னன் தங்கச்சி" என்றார் குலசிங்கம். "உந்தப் போன் காலமையில நல்லா வேலை செய்யுது. பின்னேரம் யூலியானா எடுத்தால் வேலை செய்யாது. போன மாசம் அவ கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் போனவ. ரெண்டு நாள் அம்பிகை நேர்ஸ்தான் இங்கை நிண்டவ. அந்த ரெண்டு பின்னேரமும் போன் மணி மணியா வேலை செய்தது. ஊரில இன்ரநெற்கூடச் செத்துக் கிடந்தது, இந்தப் போன் மட்டும் உயிரோட! ஆள் இல்லாட்டிப் போன் வேலை செய்யுதெண்டால் பிழை ஆரில? ஆளிலதானே?"

"நல்ல கணக்கு" என்றாள் மனோகரி.

"நாளைக்கு உதைத்தான் நானும் சொல்லப்போறன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கறண்ட் வாற நேரமாகுது. எனக்கு வீட்டில வேலை கிடக்கு."

மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு விசாரணைக்கு நாள் குறிக்கிற மனிதர் இவ்வளவு நிம்மதியாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மனோகரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவருக்கு விசாரணை எதுக்கு?" என்றான் சசிகரன். "நேர தூக்குக் கயிறையே கொண்டுவந்து தந்திருக்கலாம். ரொபிக் காசாவது மிஞ்சியிருக்கும்."

ஜசிந்தா வாங்கிலிருந்து எழுந்து வந்தாள்.

"மிஸ், அக்கா அண்டைக்குப் போனோட கத்தினது எனக்குக் கேட்டது. அந்த நோவுக்குள்ளயும் கேட்டது. ஹலோ, ஹலோ எண்டு தொண்டை கிழியக் கத்தினவ. கத்தினவவை நித்திரை கொண்டவ எண்டு சொல்லுறாங்கள். என்ர பிள்ளையைக் கொண்டது ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். கையில அகப்பட்ட ஆளைப் பிடிச்சு எனக்கு நியாயம் தரவேண்டாம்."

உள்ளே மருந்து அறையில் யூலியானா நின்றாள். அழுது முடித்த முகம். மேசையில் தொலைபேசி இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் கூரையில் இருந்த அன்ரனாவுக்குப் போனது. பற்றரி வெயிலில் சார்ஜ் ஆகிறது, ஆகவே ஊர் மின்சாரத்தை நம்பி அது இல்லை.

"இப்ப எடுத்துப் பாருங்கோ மிஸ். இப்ப வேலை செய்யும்" என்றாள்.

சசிகரன் தன் தாயாருக்கு எடுத்தான். உடனே கிடைத்தது.

"அம்மா, நான் நெடுந்தீவில. ஓம், சாப்பிட்டிட்டன். இல்லை, கடல் அடிக்கேல்லை. இல்லையம்மா, இங்கத்தைக் காட்டுக் குதிரையில ஒண்டும் ஏறேல்லை. அதுகளை ஆரும் பிடிக்க ஏலாது, கல்யாணம் பேசினால் என்னைப் பிடிக்க ஏலாத மாதிரி. இல்லை, சும்மா பகிடிக்கு... ஹலோ? அம்மா?"

தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியிருந்தது. தீவின் மின்சாரம் டீசல் இயந்திரத்தில் ஓடுவது. பின்னேரம்தான் வரும்.

சசிகரன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தான். "அக்கா, எங்கட அம்மா தானா வாயை மூடினது என்ர சீவியத்தில இதுதான் முதல் தரம்."

மனோகரி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கறண்ட் வந்தது. போன் செத்தது."

"தை மாசத்தில இருந்து இப்பிடித்தான் மிஸ்" என்றாள் யூலியானா. "பின்னேரத்தில போனுக்குக் காது கேக்குதில்லை எண்டு குலசிங்கம் சேரிட்ட ரெண்டு தரம் போய்ச் சொன்னனான். உமக்குத்தான் காது கேக்குதில்லை எண்டு சொல்லிக் கலைச்சுவிட்டவர்."

மனோகரி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்ப டீசல் இஞ்சின்தான் கள்ளன்" என்றான் சசிகரன். துப்பறிய வருவதற்கு முன்னால் அவன் றேடியோ, ரீவி திருத்தியவன். "உந்த இஞ்சின் எழுப்பிற இரைச்சல் அலையில..."

"கச்சதீவுக்குச் சனம் போன ரெண்டு நாளும் கறண்ட் வரேல்லையோ?"

"வந்தது மிஸ்" என்றாள் அவர்களோடு உள்ளே வந்திருந்த ஜசிந்தா. "வயித்தோட வள்ளத்தில ஏற ஏலாதெண்டு நான் போகேல்லை. ரெண்டு பின்னேரமும் வீட்டில ரீவி பாத்துக்கொண்டிருந்தனான்."

"கறண்ட் இருந்தும் போன் வேலை செய்தது. அப்ப இஞ்சின் இல்லை, சசி. கறண்டில ஓடுற ஏதோ ஒண்டு. ஆனால் அந்த ரெண்டு நாளும் ஓடாத ஒண்டு." மனோகரி அறைக்குள் இரண்டு தரம் நடந்தாள். பிறகு சட்டென்று நின்றாள். "குலசிங்கத்தாற்ற கணக்குச் சரி. ஆள் இல்லாட்டிப் போன் வேலை செய்யுது. ஆனால் எந்த ஆள்? அந்தோனியாரிட்ட யூலியானா மட்டுமோ போனவ?"

"பாதி ஊர் போனது மிஸ். வேதக்காரர் எல்லாரும் போறதுதானே" என்றாள் ஜசிந்தா.

"அந்த ரெண்டு நாளும் இன்ரநெற்கூடச் செத்துக் கிடந்தது எண்டவர். அதை உயிரோட வைச்சிருக்கிறது ஆர்?"

யூலியானாவின் கை வாயைப் பொத்தியது. "றொமேஷ். துறையடியில கொமினிக்கேசன் கடை வைச்சிருக்கிறவன். கச்சதீவில வருசா வருசம் கொடி தூக்கிறதே அவன்தான்."

குலசிங்கம் தன் வாயாலேயே தடயத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ரொபியோடு சேர்த்து.

மனோகரி வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். ஜசிந்தா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். யூலியானா கட்டில் விரிப்பு ஒன்றோடு கூரைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நிற்க வேண்டும். தொலைபேசி உயிர் பெற்றதும் ஜசிந்தா கத்துவாள், யூலியானா விரிப்பை ஆட்டுவாள்.

"தாங்கியில ஏற ஏலுமோ?"

"அதைக் கழுவிறதே நான்தானே மிஸ்" என்றாள் யூலியானா.

துறையடிக்குப் போகிற லான்ட்மாஸ்டர் உழவு வண்டி ஒன்று கிடைத்தது. கல் மதில்களுக்கு நடுவே அது குலுக்கிய குலுக்கில் சசிகரனின் பகிடி எல்லாம் பாதியில் அறுந்தது. மனோகரிக்கு அது நிம்மதியாக இருந்தது. அவளுடைய மனதில் ஓடியது ஒன்றுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் பழியைச் சுமப்பவளும் இப்போது ஒரே கூரைக்கு மேலும் கீழும், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நிற்கிறார்கள். இந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தத்தான் நாளைய விசாரணை.

றொமேஷின் கடைக் கூரையில் இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. குறிகட்டுவானிலிருந்து கடலுக்கு மேலால் வருகிற இணையத்தை அவன் அங்கிருந்து கம்பியில்லாமல் பிரித்து அனுப்புகிறான். உள்ளே தட்டில் நாலு பெட்டிகள் பச்சை வெளிச்சம் சிமிட்டின.

"இது அரசாங்கத் திட்டம் மிஸ்" என்றான் றொமேஷ், கேட்காமலேயே. "எல்லாத்துக்கும் அனுமதி இருக்கு."

"உம்மிட்ட ஒண்டும் கேக்கேல்லையே."

சசிகரன் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பின்புறம் முழுக்க யப்பான் எழுத்து. "றீகண்டிசன்! என்ர மோட்டச்சைக்கிளுக்கு இவை இனசனம். கப்பலில ஒண்டா வந்திருப்பினம்."

"புதுசு வாங்கக் கட்டாது அண்ணை. யப்பான் சாமான் பழசெண்டாலும் உழைக்கும்தானே."

நெடுந்தீவில் மட்டுமல்ல, இலங்கை முழுக்க இந்த நம்பிக்கையில்தான் வாகனம் ஓடுகிறது.

"சசி, மேல ஏறும்" என்றாள் மனோகரி. "விரிப்பு அசைஞ்சால் சொல்லும்."

அவன் கூரைக்கு ஏறினான். மனோகரி முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

"இது எங்கை போறது?"

"சங்கக் கடைக்கு."

"அசையேல்லை!" என்று மேலிருந்து சசிகரன் கத்தினான்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்கு. அசையவில்லை. மூன்றாவது, தபாற்கந்தோருக்கு. அதற்கும் அசையவில்லை. றொமேஷின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது.

"பாத்தீங்களோ மிஸ்? எங்கட சாமானில ஒரு பிழையும் இல்லை."

மனோகரியின் கை நாலாவது வயருக்குப் போனது. அவன் அந்தக் கையை எட்டிப் பிடித்தான்.

"அதை மட்டும் கழட்டாதேங்கோ மிஸ். அது... அது முக்கியமான லைன்."

"கையை எடும்."

அவளுடைய குரலில் இருந்த கோபம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எடுத்தான். அவள் வயரைப் பிடுங்கினாள். பச்சை வெளிச்சம் அணைந்தது. அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா!" சசிகரனின் குரல் உடைந்து வந்தது. "விரிப்பு! ஆட்டுறா அக்கா! விழுந்துபோவா போல ஆட்டுறா!"

அவன் ஏணியில் இறங்கவில்லை, குதித்தான். பகிடிக்காரனின் முகத்தில் பகிடியே இல்லை. நேரே றொமேஷிடம் போனான்.

"பதினாலாம் சனல், என்ன?"

றொமேஷ் தலை குனிந்தான்.

"வானத்திலயும் காணி பிரிச்சிருக்கினமக்கா" என்றான் சசிகரன். "இந்தப் பெட்டியளுக்கு ஒரு துண்டு. அதின்ர வேலி முடியிற இடத்தில செய்மதிப் போனின்ர துண்டு துவங்குது. பதினாலு வேலிக்கு அங்கால கிடக்கிற சனல். யப்பான்காரன் தன்ர ஊரில மட்டும் அதைப் பாவிக்க விட்டிருக்கிறான். அதாலதான் இந்தப் பழம்பெட்டியில அது இருக்கு. செய்மதி எவ்வளவு தூரத்தில நிண்டு கதைக்குது? இங்கை வந்து சேரேக்கை அது வெறும் கிசுகிசுப்பு. இவன் பக்கத்தில நிண்டு அதே அலையில குழாய் வைச்சுக் கத்திறான். போனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

"அந்தச் சனலைத் துறந்துவிட்டது ஆர்?" என்றாள் மனோகரி.

"நான்தான் மிஸ்." றொமேஷ் அழத் தொடங்கிவிட்டான். "ஆனால் நானா நினைச்சுத் துறக்கேல்லை. நல்ல சனல் மூண்டையும் முதல் மூண்டு லைனும் எடுத்திட்டுது. நாலாவது எதில போட்டாலும் அறுந்து அறுந்து போச்சு. பெட்டி பூட்ட வந்த கொழும்புக்காரர் வடிவாச் சொன்னவர், பதினாலைத் துறக்காதேங்கோ, அது செய்மதியின்ர எல்லை, ஆஸ்பத்திரிப் போன் கெடும் எண்டு. நான் அதை அப்பிடியே போய்ச் சொன்னனான்."

"ஆரிட்ட?"

அவன் வாசலுக்கு வெளியே பார்த்தான். மனோகரி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கூரையிலிருந்து பார்த்தால் நாலாவது அன்ரனா எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே ஆஸ்பத்திரித் தாங்கி, அதன் மேல் வெள்ளை விரிப்போடு யூலியானா. அவளுடைய தலைக்கு நேர் பின்னால், கயிறு பிடித்தது போல அதே கோட்டில், அரசாங்க அதிகாரி தங்குகிற ஒரு குவாட்டஸின் ஓட்டுக் கூரையும் அதில் ஒரு சின்ன அன்ரனாவும்.

அதன் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் அவளுக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள்தான்.

"அவர் என்ன சொன்னவர்?" கீழே இறங்கி வந்து அவள் கேட்டபோது குரல் மிக மெதுவாக இருந்தது.

"'அங்கை ஒருத்தனும் இல்லையே, வெறுமையாத்தானே கிடக்குது. மேல இருக்கிறவன் கீழ இறங்கி வந்து கேக்கப்போறானோ?' எண்டவர்."

மனோகரி புளியங்கூடல்காரி. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, அவர்களுடைய வளவுக்குள் பக்கத்து வீட்டுக்காரன் வேலிக் கதியாலை அரக்கி நட்டிருந்தான். அப்பா போய்க் கேட்டதற்கு அவன் சொன்னதும் இதுதான். வெறுமையாத்தானே கிடந்தது. அப்பா அந்தக் கவலையோடேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபம் முழுவதும் இன்றைக்குத் திரும்பி வந்தது. இங்கே போனது நாலு முழக் காணி இல்லை, ஒரு பிள்ளை.

அவள் நாலாவது பெட்டியைத் தட்டிலிருந்து இழுத்தெடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"றொமேஷ், நீரும் வாரும்."

ஆஸ்பத்திரி விறாந்தையில் அவர்கள் ஏறிய கையோடு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. துறையடிக்குப் புறப்பட்ட குலசிங்கம் றொமேஷைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கினார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தது. கீழே பழைய சாரம். கமராவுக்குத் தெரிகிற பாதி மட்டும் அதிகாரியாக இருந்தது.

"டேய் றொமேஷ்! கடையைத் துறந்து போட்டிட்டு இங்கை என்னடா செய்யிறாய்? ஆரடா என்ர லைனை வெட்டினது?" அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. "பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கேக்கை அறுந்துபோச்சு! போன வெள்ளிக்கிழமை அவன்ர முகத்தை முதல் முதல் பாத்தனான். இருட்டும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான், ஒருக்காக்கூட அறுபடேல்லை. இண்டைக்கு மட்டும் என்ன வந்தது?"

மனோகரி பெட்டியை அவருடைய காலடியில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை பின்னேரம்" என்றாள். "இருட்டும் வரைக்கும். ஒருக்காக்கூட அறுபடேல்லை. நல்லது ஐயா. இதையும் நீங்களே சொல்லிப்போட்டீங்கள்."

குலசிங்கம் பெட்டியைப் பார்த்தார், றொமேஷைப் பார்த்தார். கூரையிலிருந்து இறங்கி விரிப்போடு நின்ற யூலியானாவைப் பார்த்தார். கடைசியாகத்தான் வாங்கில் இருந்த ஜசிந்தாவைப் பார்த்தார். மனிதருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தடவத் தொடங்கியதில் தெரிந்தது.

"பிள்ளை, நான்... எனக்கு உப்பிடி நடக்குமெண்டு..."

"உங்களுக்குச் சொன்னவை" என்றாள் மனோகரி. "பெட்டி பூட்டினவன் சொன்னதை இவன் வந்து சொன்னவன். யூலியானா ரெண்டு தரம் படி ஏறி வந்து சொன்னவ. மூண்டு தரம் சொல்லியும் கேளாத காது ஆற்ற காது ஐயா? நாளைக்கு இவவை விசாரிக்கிறதுக்கு நீங்கள் தலைவரோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

ஜசிந்தா எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் சசிகரன் நினைத்தான். அடிக்கட்டும் என்று மனோகரி நினைத்தாள்.

"பேரனுக்குப் பேர் வைச்சாச்சோ ஐயா?" என்று கேட்டாள் ஜசிந்தா.

குலசிங்கம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"என்ர பிள்ளைக்கு வைக்கேல்லை" என்றாள் அவள். "நேரம் கிடைக்கேல்லை."

சசிகரன் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரொபியையும் எடுத்து, அணைந்து கிடந்த பெட்டியின் மேல் வைத்தான்.

மனோகரி யூலியானாவின் தோளைத் தொட்டு மருந்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "யாழ்ப்பாணத்துக்கு எடும். சுகாதாரப் பணிப்பாளரிட்டச் சொல்லும், நாளைக்கு விசாரணைக்குத் தலைவரை மாத்தச் சொல்லி. ஏனெண்டு கேட்டால் போனை என்னட்டத் தாரும்."

தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஊர் முழுக்க மின்சாரம் இருந்தது. யூலியானா இலக்கங்களை அழுத்திக் காதில் வைத்தாள். மறுபக்கம் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ... நெடுந்தீவு ஆஸ்பத்திரி. ஓம், யூலியானா." கண்ணீர் வழிந்து தொலைபேசியின் மேலேயே விழுந்தது. "ஓம் சேர், கேக்குது. இப்ப வடிவாக் கேக்குது."